பெருவெளிப் பூ பெங்களூருக்கு வந்த வரலாறு

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழர்களுள் லால்பாக் தோட்டத்தைக் காணாதவர் அரியர். ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி, அங்குள்ள கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நடைபெறும்போது, ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் சென்று காட்டுவது நம்மவர் வழக்கம். அம்மலர்க் கூட்டத்தைக் கண்டு வியப்பவர், 'இவையெல்லாம் எந்நாட்டுப் பூக்கள்?' என்று கேட்பதும் உண்டு. டேலியா மெக்சிகோ நாட்டது, ஜெர்பெரா தென்னாப்பிரிக்காவினது. இவற்றின் பெயரே இவை அயலார் என்பதைக் காட்டிவிடும். ஆனால் ஒரு பூவைப் பற்றி மட்டும் யாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தட்டுப்போன்ற முகத்துடன் நிற்கும் சூரியகாந்தியே அது. அதன் பெயரும் நம் பெயர். அதன் எண்ணெயும் நம் அடுக்களையில் இருக்கிறது. ஆகவே அதனை நம் நாட்டுப் பூ என்றே பலரும் எண்ணுகின்றனர்.

உண்மை வேறு. சூரியகாந்தி வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் பிறந்த காட்டுப் பூ. அது கடல் கடந்து, பல நாடுகளில் தங்கி, பல கைகள் மாறிப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த கதை, பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வேரூன்றி வாழும் நம் போன்றோர் அறிந்துகொள்ளத்தக்க கதையாகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதற்குச் சூரியகாந்தி என்பதே பெயர். தெலுங்கர் 'பொத்துதிருகுடு' என்பர். பொழுதோடு திரும்புவது என்பது பொருள். ஐரோப்பிய அறிஞர் இதற்கு இட்ட 'ஹீலியாந்தஸ்' என்னும் பெயரும் ஞாயிற்றுப்பூ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனதே. ஞாயிற்றை நோக்கும் மலர் என்னும் கருத்து நமக்குப் புதியது அன்று. நெருஞ்சிப்பூ கதிரவனை எதிர்கொண்டு மலரும் இயல்பினைச் சங்கப் புலவர் கண்டு பாடியிருக்கின்றனர். கதிரவன் ஒளி பட்டதும் தீயை உமிழ்வதாகக் கூறப்பட்ட சூரியகாந்தக் கல்லும் நம் இலக்கியத்துக்குப் பழக்கமானது. கருத்து பழையது, பூவோ புதியது. புதியதாய் வந்த விருந்தினருக்கு நம் வீட்டுப் பழைய பெயரொன்று பொருத்தமாய் அமைந்துவிட்டது.

இனி அதன் பிறந்தகத்தைக் காண்போம். கனடாவின் தென்பகுதியிலிருந்து டெக்சாஸ் வரையில், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்த புல்வெளிக்குப் 'பிரெய்ரி' என்று பெயர். அதன் கிழக்குப் பகுதியில் புல்லே மனிதன் தலைக்கு மேல் வளரும். அப்புல்லின் வேர்கள் பல அடி ஆழம் இறங்குவன. காட்டெருமைகள் மந்தை மந்தையாக மேய்ந்து திரிந்த அந்நிலத்தில், குளம்புகள் மிதித்துக் கிளறிய இடங்களிலும் ஆற்றங்கரைகளிலும் காட்டுச் சூரியகாந்தி தழைத்தது. அது நம் தோட்டத்தில் காண்பதுபோல் ஒற்றைத் தண்டும் ஒரு பெரும் பூவும் உடையதன்று. பல கிளைகள் விட்டு, உள்ளங்கை அளவேயான பல பூக்களைத் தாங்கி, ஆறு அடிக்கு மேலும் உயர்ந்து நிற்பது. விதைகள் சிறியன, முற்றியதும் உதிர்ந்து சிதறிவிடும்.

இக்காட்டுச் செடியைப் பயிராக்கியவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். அவர்கள் பயிரிட்ட பெருவிதைகள், அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள டென்னசியில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மண் அடுக்குகளில் கிடைத்துள்ளன. பெரிய விதை தரும் செடியின் விதையையே மீண்டும் மீண்டும் தேர்ந்து விதைத்ததனால், கிளைகள் குறைந்து பூ பெரிதாயிற்று. அவர்கள் விதையை இடித்து மாவாக்கி உண்டனர்; எண்ணெய் எடுத்தனர். ஹோப்பி இனத்தார் விதையின் கருந்தோலிலிருந்து சாயம் எடுத்துக் கூடைக்கும் துணிக்கும் ஏற்றினர். பேர் தெரியாத அவ்வுழவர்களின் பொறுமையே இன்று நாம் காணும் பெருந்தட்டுப் பூவுக்கு அடிப்படை.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக இச்செடி ஐரோப்பாவுக்குச் சென்றது. 1568ஆம் ஆண்டில் வெளியான ரெம்பெர்ட் டொடோன்ஸ் என்னும் மருத்துவரின் மலர் நூலில் இதன் விவரம் காணப்படுகிறது. ஆனால் இரண்டு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியர் இதனைத் தோட்டத்து அழகுப் பொருளாகவே கொண்டனர், உயரத்தைக் கண்டு வியந்தனர், அவ்வளவே. அதனைப் பெரும் பயிராக ஆக்கிய நாடு ரஷ்யா. அங்குள்ள கிறித்தவ மக்கள் நோன்புக் காலத்தில் வெண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் நீக்குவர். சூரியகாந்தி எண்ணெய்க்கு அத்தடை இல்லை. 1829ஆம் ஆண்டில் அலெக்செயெவ்கா என்னும் ஊரில் போகரெவ் என்ற பண்ணையடிமை உழவர், விதையைக் கையால் பிழிந்து எண்ணெய் எடுத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் அங்கே எண்ணெய் ஆலை எழுந்தது. கல் எறியும் தூரம் வரை என்றிருந்த தோட்டப் பயிர், கண்ணுக்கு எட்டாத வயல்களாகப் பெருகிற்று.

அந்நாட்டின் கிராஸ்னதார் நகரில் 1912ஆம் ஆண்டு முதல் சூரியகாந்தி ஆராய்ச்சியில் ஈடுபட்ட வசீலி புஸ்தவோயித் என்னும் அறிஞரைப் பயிரியல் உலகம் மறவாது. நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் எண்ணெய் இருந்த விதையை, ஏறத்தாழ ஐம்பது பங்கு எண்ணெய் உள்ளதாக அவர் படிப்படியாக உயர்த்தினார். ஒரு தலைமுறைக் காலத்தில் எண்ணெய் இவ்வாறு பெருகியது பயிர் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

இதற்கிடையில் இன்னொரு விந்தை நிகழ்ந்தது. ரஷ்யாவில் வளர்ந்த பெருவிதைச் சூரியகாந்தி, அங்கிருந்து குடிபெயர்ந்தோர் கையோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் அமெரிக்காவுக்குப் போயிற்று. 1880ஆம் ஆண்டளவில் அங்குள்ள விதைக் கடைகளில் அது 'மாமத் ரஷ்யன்' என்ற பெயருடன் விற்கப்பட்டது. பிறந்த வீட்டுக்கே வேற்று நாட்டுப் பெயருடன் திரும்பிவந்த பிள்ளையின் கதை இது. பல்லாண்டு பம்பாயில் வாழ்ந்து ஊருக்குத் திரும்பியவரைப் 'பம்பாய்க்காரர்' என்றே அழைக்கும் நம் ஊர் வழக்கத்தை இது நினைவூட்டவில்லையா?

நிற்க. பெங்களூருக்கு வருவோம். அயல்நாட்டுச் செடிகளை வரவேற்பதில் இந்நகருக்கு நெடிய பழக்கம் உண்டு. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்துக்கு அடியிட்டார். திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் தருவித்தார். 1856ஆம் ஆண்டில் அது அரசாங்கத் தாவரத் தோட்டமாயிற்று. 1874 முதல் 1908 வரை அதன் மேற்பார்வையாளராக இருந்த ஜான் கேமரன் காலத்தில் அயல்நாட்டுப் பயிர்கள் பல வந்து சேர்ந்தன. நம் வீட்டுக் கூட்டிலும் பொரியலிலும் இடம்பெறும் சௌசௌ அவர் வழியாக வந்ததென்பர். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியர் கிரும்பிகல் நகரின் தெருக்களுக்கே பூமரங்களை வகுத்துத் தந்தார். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரம், மிதமான வெயில், செம்மண் ஆகிய மூன்றும் சேர்ந்து எந்நாட்டுச் செடிக்கும் இங்கே இடம் தந்தன.

இத்தோட்டக்கலையில் தமிழ்வழி வந்தோரின் பங்கும் சிறிதன்று. திகளர் என்னும் சமூகத்தார் தோட்டத் தொழிலில் வல்லவர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் எனக் கருதப்படுபவர். பழைய பெங்களூரின் காய்கறித் தோட்டங்களிலும் பூந்தோட்டங்களிலும் அவர்கள் உழைப்பு ஊறியிருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரைத் திங்களையொட்டித் தர்மராய சுவாமி கோயிலில் அவர்கள் எடுக்கும் கரகம், இன்று நகரத்தின் பெருவிழாவாகவே மதிக்கப்படுகிறது. வந்த மண்ணைத் தம் மண்ணாக்கிக்கொண்டு, பழைய வழக்கத்தையும் கைவிடாது காத்தவர்கள் அவர்கள்.

இத்தகைய நகரத்திலும் சூரியகாந்தி நெடுங்காலம் தோட்டத்து அழகுச் செடியாகவே நின்றது. அது உழவனின் பயிரானது 1969ஆம் ஆண்டுக்குப் பின்னரே. நாட்டில் சமையல் எண்ணெய் பற்றாக்குறை மிகுந்திருந்த காலம் அது. நிலக்கடலை மழையை நம்பி நின்றது. மழை பொய்த்தால் எண்ணெய் விலை ஏறிற்று. ஆகவே குறுகிய காலத்தில் விளைந்து, எப்பருவத்திலும் விதைக்கத்தக்க எண்ணெய் வித்து ஒன்று வேண்டியிருந்தது. அவ்வாண்டில் சோவியத் நாட்டிலிருந்து சில சூரியகாந்தி ரகங்கள் வரவழைக்கப்பட்டன. 'பெரெதோவிக்' என்னும் ரகம் இ.சி. 68414 என்ற எண்ணுடன் நம் உழவர்க்கு அறிமுகமாயிற்று. ஹெப்பாளில் 1899ஆம் ஆண்டிலேயே தொடங்கிய வேளாண் பண்ணையின் வழித்தோன்றலாக 1964ஆம் ஆண்டில் அமைந்த பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம், இப்பயிர் ஆராய்ச்சிக்கு ஒரு முதன்மை நிலையமாயிற்று.

தொடக்கத்தில் ஆசை மிகுந்தது, ஏமாற்றமும் மிகுந்தது. ஒரே வயலில் ஒரு செடி இடுப்பளவும் மற்றொன்று தலைக்கு மேலும் வளர்ந்தன. ஒன்று பூத்து முடியும்போது அடுத்தது மொட்டு விட்டது. எல்லாவற்றிலும் பெரிய குறை, கொண்டையின் நடுவில் விதைகள் பதராய்ப் போனது. சூரியகாந்தியில் நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் நூற்றுக்கணக்கான, சிலபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமலர்களின் கூட்டம். ஓரத்தில் மஞ்சள் இதழ்போல் விரிந்தவை விதை தரா. நடுத்தட்டில் உள்ளவையே விதை தருவன. அவை ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சில நாள்களில் வரிசையாக மலரும். பெரும்பாலான பழைய ரகங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூலகத்தில் எளிதில் பயன் தராது; வேறு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். தேனீ குறைந்த வயலில் விதையும் குறைந்தது.

இக்குறையைத் தீர்க்கும் வழி, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அதே 1969ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் லெக்லெர்க் என்பவர், பயிர்ச் சூரியகாந்தியை அதன் உறவான ஒரு காட்டுச் செடியோடு இணைத்ததில் மகரந்தம் உண்டாகாத செடிகளைப் பெற்றதாக அறிவித்தார். அக்காட்டுச் செடி எது? பிரெய்ரிச் சூரியகாந்தி என்றே அமெரிக்க மக்கள் அழைக்கும் ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ். மணற்பாங்கான புல்வெளிகளில் தானே முளைத்து, உழவன் களையென்று எறியும் செடி. அதனைத் தாய்வழியாகக் கொண்ட செடிகளில் மகரந்தம் உண்டாகாது. ஆகவே பக்கத்து வரிசையில் நட்ட வேறு ரகத்தின் மகரந்தமே அவற்றில் சேரும். இவ்வழியே வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்கலாம். ஒட்டு விதையிலிருந்து வளரும் பயிருக்கு மகரந்த வளத்தை மீட்டுத் தரும் தந்தை ரகங்களை, அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் கின்மன் முதலானோர் கண்டறிந்தனர்.

பெங்களூர் அறிஞர்கள் இவ்வழியை விரைந்து பற்றிக்கொண்டனர். 1980ஆம் ஆண்டில் பி.எஸ்.எச்.-1 என்னும் வீரிய ஒட்டு ரகம் வெளியாயிற்று. இந்தியாவில் உழவர் கைக்கு வந்த முதல் சூரியகாந்தி வீரிய ஒட்டு ரகம் அதுவே. வயலில் செடிகள் ஒரே உயரத்தில் நின்றன. ஒரே காலத்தில் பூத்தன. துரு நோயையும் அடிச்சாம்பல் நோயையும் எதிர்த்து நின்றன. பின்னர் 1992இல் கே.பி.எஸ்.எச்.-1 முதலிய ரகங்களும் இந்நகரிலிருந்தே வந்தன. கருநாடகத்தின் வானம் பார்த்த நிலங்களில் மஞ்சள் வெள்ளம் பரவியது. 1990களின் முற்பகுதியில் நாடு முழுவதும் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் சூரியகாந்தி விளைந்தது. அதில் கருநாடகமே முன்னணியில் நின்றது. பெங்களூரிலிருந்து சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ அக்காலத்தில் ரயிலில் சென்றோர், சன்னலுக்கு வெளியே எல்லாப் பூவும் ஒரு திசை நோக்கி நிற்கும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த மஞ்சள் வெள்ளம் இன்று வடிந்துவிட்டது. காரணங்கள் பல. 1994ஆம் ஆண்டுக்குப் பின் அயல்நாட்டு எண்ணெயின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மலிவான பனை எண்ணெய் வந்து குவிந்தது. உழவனுக்கு விலை கிடைக்கவில்லை. கிளிக்கூட்டம் கொண்டைகளைக் கொத்திச் சூறையாடியது. அதற்கு மேல், 1997ஆம் ஆண்டில் ஆந்திர எல்லையை அடுத்த பாகேபள்ளிப் பகுதியில் புதிய நோய் ஒன்று தோன்றியது. இலை கருகிக் கொண்டை முறுக்கிக்கொண்டு செடி பட்டுப்போயிற்று. புகையிலைக் கீற்று வைரஸ் என்னும் நச்சுக்கிருமியே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிந்தனர். அக்கிருமி தன்னைக் காட்டிக்கொள்ளாமல் தங்கியிருக்கும் வீடு பார்த்தீனியம் செடி. அதன் மகரந்தத்தோடு சேர்ந்து வரும் கிருமியை, இலைப்பேன் என்னும் மிகச் சிறிய பூச்சி சூரியகாந்தியில் ஏற்றிவிடுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. தாவரக் குடும்பத்தால் சூரியகாந்திக்கு உறவினதே. 1950களின் நடுவில் புனே நகரில் கண்ணுக்குப்பட்ட அது, இறக்குமதியான கோதுமையோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒன்றை நாம் கைநீட்டி அழைத்து, பேணி, பயன்கொண்டோம். மற்றொன்று அழையாமல் புகுந்து காலி மனையெல்லாம் பரவியது. ஆகவே அயல்நாட்டதெல்லாம் நல்லது என்பதும் பிழை. அயல்நாட்டதெல்லாம் தீயது என்பதும் பிழை. வந்தது எது, அதனை எவ்வாறு நடத்துகிறோம் என்பதைப் பொறுத்ததே பயன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் பூத்து நிற்பதைக் காட்டுச் சூரியகாந்தி என்கின்றனரே, அதுவும் உண்மைச் சூரியகாந்தி அன்று. மெக்சிகோவிலிருந்து வந்த தித்தோனியா. அழகுக்காகக் கொணர்ந்தது, காட்டுச் செடிகளை நெருக்கிக்கொண்டு பரவுகிறது.

விளைநிலம் சுருங்கியதன் விளைவை நாடு 2022ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்தது. நமக்கு வேண்டிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதிலும் உக்ரைனும் ரஷ்யாவும் பெரும் பங்கு தந்துவந்தன. அவ்விரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டதும், பெங்களூர் மளிகைக் கடையில் எண்ணெய் விலை தாவி ஏறிற்று. புல்வெளிப் பூவின் வரலாறு நம் தோசைக் கல்லோடு எவ்வளவு நெருங்கியது என்பதை அந்நாள்களில் இல்லத்தரசியர் யாவரும் அறிந்தனர்.

இனி இவ்வரலாற்றின் நடுவான பொருளுக்கு வருவோம். இன்று உலகெங்கும் விளையும் சூரியகாந்தி வீரிய ஒட்டு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை, லெக்லெர்க் எடுத்த அந்த ஒரே காட்டுச் செடியின் தாய்வழியைச் சார்ந்தவை. நோயை எதிர்க்கும் பண்புகள் பலவும் காட்டு உறவினங்களிலிருந்தே வந்தவை. பயிருக்கு இடுக்கண் வந்தபோதெல்லாம் கைகொடுத்தது, உழவன் களையென்று இகழ்ந்த அந்த உறவே. ஆயினும் எல்லாரும் ஒரே தாய்வழியைச் சார்ந்து நிற்பதில் ஆபத்தும் உண்டு. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்காச்சோள வயல்களில் பெரும்பகுதி இவ்வாறு ஒரே தாய்வழியைச் சார்ந்திருந்தது. இலைக்கருகல் நோய் ஒன்று அவ்வழியையே தாக்கிப் பேரழிவு செய்தது. மாற்றுத் தாய்வழி வேண்டுமானால் மீண்டும் காட்டு உறவுகளிடமே செல்லவேண்டும்.

அக்காட்டு உறவுகள் வாழ்ந்த வீடோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. 1837ஆம் ஆண்டில் ஜான் டியர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பையை உண்டாக்கியபின், ஆழ வேரோடிய புல்நிலமும் உழவுக்கு உட்பட்டது. நெடும்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவே. இடுகாட்டு ஓரங்களிலும் ரயில்பாதை ஓரங்களிலுமாக ஒதுங்கி நிற்கும் துண்டு நிலங்களையும், விதைக் காப்பகங்களில் குளிரில் உறங்கும் விதைகளையுமே உலகம் நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் இப்போது பலர் தம் வீட்டுப் புல்தரையின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்து, அந்நாட்டுப் பழைய புல்வெளிப் பூக்களை மீண்டும் வளர்ப்பதற்குக் காரணம் இதுதான். அது வெறும் பொழுதுபோக்கன்று. தன் மண்ணுக்கு ஒருவர் ஆற்றும் கடமை.

நம் வீட்டு மாடியிலும் முற்றத்திலும் இக்கடமையில் ஒரு சிறுபங்கை நாமும் ஆற்றலாம். சூரியகாந்தியை வளர்ப்பது எளிது. நாள் முழுவதும் வெயில் படும் இடம் வேண்டும். செம்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, ஓர் அங்குல ஆழத்தில் இரண்டிரண்டு விதையாக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். ஒரு வாரத்தில் முளைக்கும். நல்ல நாற்றொன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடலாம். தொட்டியில் வளர்ப்போர் ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் ஒரே செடியை விடுதல் நலம். குட்டை ரகமாயின் இன்னும் எளிது. உயரமான செடிக்கு முழங்கால் அளவு வளர்ந்தவுடன் கொம்பு ஊன்றிக் கட்டிவிட வேண்டும். மாடிக் காற்று பெங்களூரில் கடுமையானது. பூக்கும் காலம் பெருமழையில் சிக்காதவாறு விதைக்கும் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மழை மகரந்தத்தைக் கழுவிவிடும்.

ஐம்பத்தைந்து, அறுபது நாளில் பூ விரியும். அப்போது காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை, மென்மையான துணியால் ஒரு பூவை இலேசாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவையும் தடவினால், தேனீ செய்யும் வேலையில் ஒரு பகுதியை நாம் செய்ததாகும். ஒரே செடி வைத்தால் விதை நன்கு பிடிக்காது. ஐந்தாறு செடியேனும் வேண்டும். அக்கம்பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் இருந்தால், அது பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும். வயலில் வளர்ப்போர் சுற்றிலும் மூன்று நான்கு வரிசை சோளம் விதைத்து இலைப்பேனைத் தடுப்பர்.

பூவைக் கவனிப்போர்க்கு ஒரு வியப்பும் காத்திருக்கிறது. சூரியகாந்தி வாழ்நாள் முழுவதும் கதிரவனோடு திரும்புவதாக நாம் எண்ணுவது முழு உண்மையன்று. இளஞ்செடியின் மொட்டுத் தலையே காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் நோக்கும். இரவில் மெல்லத் திரும்பி, விடியுமுன் மீண்டும் கிழக்கை நோக்கிக் காத்திருக்கும். முதிர்ந்து மலர்ந்த பூ அசையாது கிழக்கையே நோக்கி நின்றுவிடும். கலிபோர்னியாவில் ஆராய்ந்தவர்கள் 2016ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர்: கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவில் வெதுவெதுப்பாகிறது, வெதுவெதுப்பான பூவையே தேனீக்கள் மிகுதியாக நாடுகின்றன. திருப்பிவைத்த பூக்களுக்கு அத்தனை வரவேற்பு இல்லை.

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளானதும், கிளிக்குப் பயந்து பழந்துணியோ வலையோ கட்டிவிட்டு, விதை இறுகியபின் அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அதில் ஒரு கையளவைத் தாள்பையில் இட்டு, அடுத்த பருவத்துக்கு எடுத்துவையுங்கள். இங்கே ஒரு குறிப்பு: வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை, தாய்ச் செடியைப் போல் விளையாது, அதனை ஆண்டுதோறும் வாங்கியே தீரவேண்டும். எனவே விதை சேமிக்க விரும்புவோர், பழைய பொதுரக விதையைத் தேடிப் பெறுதல் வேண்டும். அண்டை வீட்டாரோடு விதையைப் பகிர்ந்துகொண்டால், ஒரு தெருவே ஒரு விதைக் காப்பகமாகிவிடும். கன்னடம் பேசும் அண்டை வீட்டம்மையாரோடு பழகவும் அது ஒரு வாயிலாகும். பூவின் பெயர் இரு மொழியிலும் ஒன்றுதானே!

நாலாயிரம் ஆண்டுகளாக இப்பூ பயணம் செய்திருக்கிறது. சென்ற நாட்டு மண்ணையும் மழையையும் ஏற்றுக்கொண்டு, ரஷ்யரின் நோன்புக்கும் நம்மவரின் பண்டிகைப் பலகாரத்துக்கும் எண்ணெய் தந்தது. அவ்வளவு தூரம் வந்தபின்னும், நோய் தாக்கியபோது அதற்கு உயிர் கொடுத்தது, பிறந்த புல்வெளியில் தங்கிவிட்ட ஏழை உறவு. வேற்று மாநிலத்தில் வாழ்வைத் தேடிக்கொண்ட நாம், வந்த மண்ணில் வேர்விட்டு நிழல் தரக் கடமைப்பட்டவர்கள். ஊரில் தங்கிவிட்ட உறவையும் மொழியையும் ஆண்டுக்கொருமுறையேனும் சென்று கண்டு வரவும் கடமைப்பட்டவர்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, உங்கள் பெங்களூர்த் தோட்டத்துச் சூரியகாந்தி விதையில் ஒரு பிடியை எடுத்துச் செல்லுங்கள். ஊர்க் கொல்லையில் பாட்டி போற்றி வைத்த அவரையோ சுரையோ இருந்தால், அதன் விதையில் ஒரு பிடியை இங்கே கொண்டு வாருங்கள். இரண்டும் முளைக்கும்.